பல்கலைக்கழக விண்ணப்பச் சேவைகள்: கைநூல், கொமினிகேஷன், செயலி, ஆலோசகர் – எதற்குக் காசு கொடுக்கலாம்?

உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு வெள்ளவத்தையில் காலி வீதி நெடுக கொமினிகேஷன் எனப்படும் அச்சு, நகல் கடைகளின் கண்ணாடிகளில் தாள் ஒட்டிவிடுவார்கள்: 'கம்பஸ் அப்ளிகேஷன் நிரப்பித் தரப்படும்.' கொட்டாஞ்சேனையிலும் அப்படித்தான். டியூட்டரி வாசலில் வழிகாட்டல் கருத்தரங்குக்குத் துண்டுப்பிரசுரம், கைத்தொலைபேசியில் 'உங்கள் இசட் புள்ளிக்கு எந்தக் கம்பஸ்?' என்று கேட்கும் செயலி, டூப்ளிகேஷன் வீதியில் ஏசி அறைக்குள் வெளிநாட்டுப் பல்கலைக்கழக முகவர். முகவரை விட்டால் மற்ற எல்லாரும் பார்த்துச் சொல்வது ஒரே மூலத்தை: பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிடும் அனுமதிக் கைநூல். அதுதான் பல வீடுகளில் அட்டை கசங்காமல் மேசையில் கிடக்கிறது.

பெறுபேறு வந்தபின், பல்கலைக்கழகத் தெரிவைத் தீர்மானிக்கும் இசட் புள்ளியை யாராலும் ஒரு தசமம்கூட உயர்த்த முடியாது. மீள்திருத்தம் ஒன்றுதான் விதிவிலக்கு, அதையும் நம்பி இருக்க ஏலாது. மாணவர் கையில் மிஞ்சியிருப்பது இரண்டே தீர்மானங்கள்: எந்தெந்தப் பாடநெறிகளை எழுதுவது, எந்த வரிசையில் எழுதுவது. அந்த இரண்டுக்கும் ஒரு சேவை எவ்வளவு உதவுகிறது என்பதை வைத்தே இங்கே தரம் போட்டிருக்கிறோம். பரீட்சைத் திணைக்களத்தின் வழக்கப்படி ஏ, பி, சி, எஸ், எஃப். எஸ் ஆகக் குறைந்த சித்தி, எஃப் என்றால் சித்தி இல்லை.

கைநூல்: ஏ

சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் வெளிவருகிறது. ஆணைக்குழுவின் இணையத்தளத்திலும் பார்க்கலாம், ஆனால் அச்சுப் பிரதியை வாங்குவதுதான் புத்தி. பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தை மடித்து, வீட்டில் நாலுபேர் சேர்ந்து வாசிக்க வேண்டிய நூல் இது. மொழி சட்டமொழி. ஒரு வாக்கியத்தின் தொடக்கத்திலிருந்து முற்றுப்புள்ளிக்கு வருவதற்குள் மூச்சு வாங்கும். அந்த ஒரு குறையைப் பொறுத்துக்கொண்டால், வெளியே காசு கொடுத்துக் கேட்கும் அநேகமாக எல்லாப் பதிலும் உள்ளே இருக்கிறது.

முதலில் பார்க்க வேண்டியது அடிப்படைத் தகுதி. மூன்று பாடங்களிலும் ஒரே தடவையில் ஆகக் குறைந்தது எஸ் சித்தி. 'கொமன் ஜெனரல்' என்று பிள்ளைகள் சொல்லும் பொது அறிவுப் பரீட்சையில் குறைந்தது 30 புள்ளி. இந்தப் பரீட்சையின் புள்ளி இசட் புள்ளியில் சேராது. அதனாலேயே பலர் இதை விளையாட்டாக எடுக்கிறார்கள். மூன்று பாடத்திலும் ஏ எடுத்துவிட்டு இதில் 28 எடுத்தவருக்கு எந்தப் பீடமும் இல்லை. உயர்தரத்துக்கு மூன்று தடவை தோற்றலாம், அதற்கு மேல் இந்த அனுமதிக்குக் கணக்கில்லை.

அடுத்தது பாடச் சேர்க்கை. கைநூலின் உயிர்நாடி இந்தப் பகுதிதான், அதிகம் பேர் தாண்டிப் போவதும் இதைத்தான். உயிரியல் பிரிவில் பௌதிகவியலுக்குப் பதிலாக விவசாய விஞ்ஞானம் எடுத்தவர் மருத்துவத்துக்கு விண்ணப்பிக்க முடியாது; மருத்துவம் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றையும் கேட்கிறது. கணிதப் பிரிவில் இரசாயனவியலை விட்டு தகவல் தொழில்நுட்பம் எடுத்தவருக்குப் பொறியியல் கதவு மூடி. அவருக்குப் பௌதிக விஞ்ஞானமும் கணினி சார்ந்த பாடநெறிகளும் திறந்திருக்கின்றன. சட்டத்துக்கு எந்தப் பிரிவிலிருந்தும் போகலாம். கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் மூன்றிலும் சட்டம் இருக்கிறது. 'நான் பயோ, எனக்குச் சட்டம் சரிவராது' என்று தானே கதவைச் சாத்திக்கொள்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். சில பாடநெறிகள் சாதாரண தரத்தில் ஆங்கிலத்துக்கோ கணிதத்துக்கோ குறிப்பிட்ட சித்தியைக் கேட்கும். சின்ன எழுத்தில் இருந்தாலும் அதுவும் நிபந்தனைதான்.

தமிழ் மாணவர்கள் கண்ணில் படாமலே போகிற ஒரு மூலையும் கைநூலில் உண்டு. உயிரியல் பிரிவில் மருத்துவத்துக்குக் கொஞ்சம் குறைந்துபோனவர்கள் 'இனி பயோ சயன்ஸ்தான்' என்று ஒரேயடியாக இறங்கிவிடுகிறார்கள். இடையில் எவ்வளவோ இருக்கிறது. சித்த மருத்துவம் யாழ்ப்பாணத்திலும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலும் இருக்கிறது. ஆயுர்வேதமும் யுனானியும் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கீழ் இராஜகிரியவில். மருந்தகவியல், தாதியியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் யாழ்ப்பாணத்திலும் உண்டு. மிருக வைத்தியம் பேராதனையில் மட்டும். கொழும்புப் பிள்ளைகளில் ஒரு பகுதியினர் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, ஒலுவில் என்றாலே பட்டியலில் எழுதுவதில்லை. 'அவ்வளவு தூரம் எப்படி அனுப்புறது?' என்று வீட்டில் ஒரு சொல். அது அவரவர் விருப்பம். ஆனால் அந்த ஒரு சொல்லோடு எத்தனை இடங்கள் போகின்றன என்று எண்ணிப் பார்த்துவிட்டுச் சொல்லலாம்.

இன்னொரு பக்கம் பாடநெறிக் குறியீடுகள். 'யூனிகோட்' என்று சொல்வார்கள். மூன்று இலக்கமும் அதன் பின்னே ஓர் ஆங்கில எழுத்தும். இலக்கம் பாடநெறியைச் சொல்லும், எழுத்து பல்கலைக்கழகத்தைச் சொல்லும். 001 என்றால் மருத்துவம். பின்னால் வரும் எழுத்துத்தான் கொழும்பா, பேராதனையா, யாழ்ப்பாணமா என்று பிரிக்கும். ஓர் எழுத்து மாறினால் ஊரே மாறிவிடும். கீழே கொமினிகேஷன் பற்றிச் சொல்லும்போது இதற்குத் திரும்பி வருவோம்.

மாவட்டக் கணக்கு

கொழும்பில் இருந்துகொண்டு விண்ணப்பிப்பவர் இதை விளங்காமல் எந்த ஆலோசகர் சொல்வதையும் எடைபோட முடியாது. பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் நிரப்பப்படும். 55 வீதம் 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகை விகிதப்படி. மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை எனக் குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக. அந்தப் பதினாறில் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை, நுவரெலியா, பதுளை, புத்தளம் உண்டு. கொழும்பு இல்லை.

100 இடம் உள்ள ஒரு பாடநெறியை எடுங்கள். 40 இடத்துக்கு நாடு முழுவதும் போட்டி. 55இல் கொழும்புக்கு எவ்வளவு? 2012 குடிசன மதிப்பீட்டின்படி நாட்டில் ஏறத்தாழ 2 கோடி 3 இலட்சம் பேர், கொழும்பு மாவட்டத்தில் ஏறத்தாழ 23 இலட்சம். ஒன்பதில் ஒன்று என்று வைத்தால் 6 இடம். நாட்டின் பெரிய பாடசாலைகளும் பேர்போன டியூட்டரிகளும் குவிந்த மாவட்டத்துக்கு மாவட்ட ஒதுக்கீடு அவ்வளவுதான். ஆகவே கொழும்பு மாணவர் பலருக்குக் கிடைப்பது திறமை அடிப்படை இடமாகவே இருக்கும். வெட்டுப்புள்ளியும், அதாவது கடைசியாக இடம் கிடைத்தவரின் இசட் புள்ளியும், அதனால்தான் உயர்ந்து நிற்கிறது.

ஹட்டனில் பாடசாலைக்குப் பதிந்துவிட்டு, கொட்டாஞ்சேனையில் மாமா வீட்டில் தங்கி வார இறுதி வகுப்புக்கு வரும் பிள்ளைக்கு மாவட்டம் எது? கொழும்பில் டியூஷனுக்கு இருப்பதால் மாவட்டம் மாறாது. பரீட்சைக்கு முந்தைய ஆண்டுகளில் எந்தப் பாடசாலையில் படித்தார் என்பதுதான் முதற்கேள்வி. இதில் வழுக்குவது பாடசாலையை விட்டு விலகி, தனிப்பட்ட பரீட்சார்த்தியாக இரண்டாம், மூன்றாம் தடவை தோற்றுபவர்களும், இடையில் பாடசாலை மாறியவர்களும்தான். அவர்கள் கைநூலின் மாவட்டத் தீர்மானிப்புப் பகுதியை ஒரு தரத்துக்கு மூன்று தரம் வாசித்து, விடுகைப் பத்திரம், வதிவிடச் சான்று என்று கேட்கும் ஒவ்வொன்றையும் முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டும். தவறான மாவட்டம் எழுதினால் ஒதுக்கீடும் வெட்டுப்புள்ளியும் வேறு. பிடிபட்டால் தெரிவே இரத்தாகும் அபாயம்.

'இசட் புள்ளி' செயலிகள்: எஃப்

இரண்டு வகை சுற்றித் திரிகிறது. ஒரு வகை, பரீட்சை முடிந்து பெறுபேறு வருமுன் 'எதிர்பார்க்கும் புள்ளியைப் போடுங்கள், இசட் புள்ளி சொல்கிறோம்' என்கிறது. இது நடக்காத காரியம். ஒரு பாடத்தின் இசட் புள்ளி என்பது, உங்கள் புள்ளியிலிருந்து அந்தப் பாடத்துக்குத் தோற்றியவர்களின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுத்தது. சராசரி 45, நியம விலகல் 15 என்றால் 75 எடுத்தவருக்கு 2.0000. அதே 75, சராசரி 55, நியம விலகல் 20 உள்ள பாடத்தில் 1.0000தான். மூன்று பாடங்களின் சராசரி இறுதி இசட் புள்ளி. அந்த ஆண்டின் சராசரியும் நியம விலகலும் விடைத்தாள் எல்லாம் திருத்தி முடியும்வரை யாருக்கும் தெரியாது, செயலிக்கு எப்படித் தெரியும்? போன வருடக் கணக்கைப் போட்டுக் காட்டுகிறார்கள். பிள்ளை அதை நம்பி ஒன்றில் சோர்ந்துபோகிறது, இல்லையேல் துள்ளுகிறது.

முறையே இப்படித்தான்: யாரோடு யாரைச் சேர்த்துக் கணக்கெடுக்கிறோம் என்பதில் எல்லாம் தங்கியிருக்கிறது. 2011 உயர்தரத்தில் பழைய, புதிய பாடத்திட்டக்காரரை ஒன்றாகக் கணக்கெடுத்த விவகாரம் 2012இல் உயர் நீதிமன்றம் வரை போனதும் அதனால்தான்.

இரண்டாவது வகை பெறுபேற்றுக்குப் பின் வருவது. உங்கள் புள்ளியையும் மாவட்டத்தையும் கேட்டு, போன ஆண்டு வெட்டுப்புள்ளியோடு ஒப்பிட்டு, பச்சை, மஞ்சள், சிவப்பு காட்டும். தரவு ஆணைக்குழு வெளியிட்டதாக இருந்தால் தேடும் நேரம் மிச்சம், அதுவரை சரி. பிழை அடுத்த படியில் வருகிறது: பச்சையானதை மேலே போடு, சிவப்பை வெட்டு என்று பட்டியலையே அடுக்கித் தருகிறது.

வரிசை: இங்கேதான் இடம் போகிறது

'முதலாவதாகப் போட்டால்தான் கிடைக்கும். ரிஸ்க் எடுக்காதே, நிச்சயமாகக் கிடைக்கிறதை மேலே போடு.' டியூட்டரி வாசலில் தொடங்கி கல்யாண வீட்டுச் சாப்பாட்டு மேசை வரை கேட்கிற அறிவுரை இது. முழுப் பிழை.

தெரிவு இப்படி நடக்கிறது. இசட் புள்ளியில் முன்னே நிற்பவரின் பட்டியலை எடுத்து, முதலாம் விருப்பத்தில் இடம் உண்டா என்று பார்க்கும். இல்லாவிட்டால் இரண்டாவது, மூன்றாவது என்று இறங்கும். எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே நிற்கும்; அதற்குக் கீழே எழுதியது ஒன்றும் கவனிக்கப்படாது. இதில் இரண்டு விஷயம் அடங்கியிருக்கிறது. கிடைக்காத ஒன்றை மேலே எழுதியதற்குத் தண்டனை இல்லை. அதேபோல, ஒரு பாடநெறியை முதலாவதாக எழுதியதற்குச் சலுகையும் இல்லை. மொரட்டுவைப் பொறியியலைப் பத்தாவதாக எழுதிய 2.1 புள்ளிக்காரர், அதையே முதலாவதாக எழுதிய அதே மாவட்டத்து 2.0 புள்ளிக்காரரை முந்துவார், அவருடைய பட்டியல் அதுவரை இறங்கி வந்தால்.

கொழும்பு மாவட்டத்தில் கணிதப் பிரிவில் 1.65 எடுத்த ஒரு பிள்ளை என்று வைத்துக்கொள்வோம். மனம் பொறியியலில். போன ஆண்டு வெட்டுப்புள்ளி தன் புள்ளிக்கு 0.04 மேலே. 'சிவப்பு' என்று பயந்து பௌதிக விஞ்ஞானத்தை முதலில் போடுகிறது, பொறியியலைக் கீழே. இந்த ஆண்டு வெட்டுப்புள்ளி இறங்கி 1.63இல் நிற்கிறது. பொறியியல் கிடைத்திருக்கும், ஆனால் பௌதிக விஞ்ஞானத்தில் இடம் கிடைத்த கணமே பட்டியல் அங்கே நின்றுவிட்டது. இசட் புள்ளி போதுமாக இருந்தும் இடம் போனது வரிசையால்.

வெட்டுப்புள்ளி ஏன் அசைகிறது? அது முன்கூட்டியே வைத்த சித்திப் புள்ளி அல்ல. கடைசியாக உள்ளே போனவரின் புள்ளி. இடங்கள் கூட்டப்பட்டால் இறங்கும். புதிய பாடநெறி ஒன்று வந்து மேலே உள்ளவர்களில் சிலரை இழுத்தால் இறங்கும். ஒரு பாடநெறிக்குத் திடீர் மவுசு வந்தால் ஏறும். வெட்டுப்புள்ளி அட்டவணையில் சில கட்டங்களில் புள்ளிக்குப் பதில் 'என்.கியூ.சி.' என்ற மூன்று எழுத்து இருக்கும். தகுதியான விண்ணப்பதாரர் இல்லை என்பது அதன் பொருள். அந்த மாவட்டத்திலிருந்து அதை எழுதி வைத்த, தகுதியுள்ள ஒருவர்கூட அந்தத் தெரிவில் மிஞ்சவில்லை. புள்ளிக்காரர் இருந்திருக்கலாம், எழுதியவர்தான் இல்லை.

ஆகவே வெட்டுப்புள்ளி அட்டவணையை வரிசை போடப் பயன்படுத்தாதீர்கள். பட்டியல் போதுமான அளவு கீழே போயிருக்கிறதா என்று பார்க்கப் பயன்படுத்துங்கள். மூன்று ஆண்டு அட்டவணைகளை எடுத்து, உங்கள் மாவட்ட நிரலை மட்டும் ஒரு கொப்பியில் எழுதினால் ஒவ்வொன்றும் எந்த எல்லைக்குள் ஏறி இறங்குகிறது என்று தெரியும். முதலில் வெட்டுப்புள்ளியை மறைத்துவிட்டு, இரண்டும் கிடைத்தால் எதற்குப் போவாய் என்று சோடி சோடியாகக் கேட்டு வரிசையைப் போடுங்கள். பிறகு அட்டவணையைத் திறந்து, கடைசி நாலைந்து விருப்பங்களாவது மூன்று ஆண்டும் உங்கள் புள்ளிக்கு நன்றாகக் கீழே நின்றவையா என்று சரிபாருங்கள். இல்லாவிட்டால் கீழே இன்னும் சேருங்கள். பல்கலைக்கழகம் முக்கியமா, பாடநெறி முக்கியமா என்ற வீட்டுச் சண்டையும் இந்தச் சோடிக் கேள்வியில்தான் தீரும்: கொழும்பில் விஞ்ஞானமா, யாழ்ப்பாணத்தில் மருந்தகவியலா?

பெறுபேற்றில் இசட் புள்ளியோடு மாவட்ட நிலை, தீவு நிலை இரண்டும் வருகிறது. படம்பிடித்து வட்ஸ்அப்பில் போட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள். கைநூலில் ஒவ்வொரு பாடநெறிக்கும் எத்தனை பேரை எடுக்க உத்தேசம் என்ற தொகையும் உண்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வெட்டுப்புள்ளியைவிடத் தெளிவான சாடை கிடைக்கும். உங்களுக்கு முன்னே நிற்கும் எல்லாரும் ஒரே பாடநெறியைக் கேட்கப் போவதில்லை என்பதால், கணக்கு காட்டுவதைவிட நிலைமை சற்று நல்லதாகவே இருக்கும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. போக மனமே இல்லாத பாடநெறியைப் பட்டியலின் நடுவில் நிரப்பியாக எழுதக் கூடாது. அது கிடைத்தால் அதற்குக் கீழே உள்ள, நீங்கள் விரும்பக்கூடிய எல்லாம் போய்விடும். பதிவு செய்தபின் மனம் மாறி அடுத்த தடவை முயல்வதற்கும் கடுமையான விதிகள் இருக்கின்றன. பணம் கட்ட முன் அந்தப் பகுதியை வாசியுங்கள்.

கொமினிகேஷன்: அச்சுக்கு பி, ஆலோசனைக்கு எஃப்

ஸ்கேன், பிரின்ட், போட்டோக் கொப்பி, லமினேட். இவற்றுக்கு வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் போதும், வேலை சுத்தம், விலை நியாயம். விண்ணப்பத்தை அவர்களே நிரப்பும்போதுதான் சிக்கல்.

முதற்சிக்கல் மின்னஞ்சல். பிள்ளைக்கு மின்னஞ்சல் இல்லை என்றால் கடைக்காரர் தன்னுடையதைப் போட்டுவிடுகிறார், அல்லது அந்த இடத்திலேயே புதிதாக ஒன்று திறந்து கடவுச்சொல்லைத் துண்டுத் தாளில் எழுதித் தருகிறார். தாள் காணாமற் போகிறது. மாதங்கள் கழித்துத் தெரிவுச் செய்தி வரும்போது அது யாரும் திறக்காத பெட்டிக்குள். கைத்தொலைபேசி இலக்கமும் அப்படியே: இடையில் மாற்றப் போகிற சிம் இலக்கத்தைக் கொடுக்காதீர்கள். விண்ணப்பத்துக்கு முதல்நாள் பிள்ளையின் பெயரில் ஒரு மின்னஞ்சல் திறந்து, தாய் தகப்பன் இருவரில் ஒருவரின் தொலைபேசியிலும் அதைத் திறந்து வைத்துவிட்டால் இந்தப் பிரச்சினை முடிந்தது.

இரண்டாவது, குறியீடு. ஒரு நாளைக்கு இருபது முப்பது விண்ணப்பம் நிரப்புகிறவர், காலையில் வந்த பிள்ளையின் பட்டியலையே மாலையில் வந்தவருக்கும் 'இதுதான் எல்லாரும் போடுறது' என்று போட்டுவிடுவார். இரண்டு பேரின் பாடச் சேர்க்கை வேறு, மாவட்டம் வேறு. அல்லது இலக்கம் சரி, எழுத்துப் பிழை. கடைக்குப் போகுமுன் குறியீடுகளையும் பாடநெறிப் பெயர்களையும் வரிசை இலக்கத்தோடு ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். அனுப்பும் பொத்தானை அமுக்குமுன் ஒருவர் தாளிலிருந்து உரத்து வாசிக்க, மற்றவர் திரையில் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிட வேலை.

மூன்றாவது, பெயர். பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு விதம், அடையாள அட்டையில் ஒரு விதம், பரீட்சை அனுமதி அட்டையில் ஒரு விதம் என்பது தமிழ்ப் பெயர்களுக்குப் புதிதல்ல. தகப்பன் பெயர் முன்னே வந்தும் பின்னே வந்தும் ஆங்கில எழுத்துக்கூட்டல் மாறியும் கிடக்கும். வேறுபாடு இருந்தால் பெறுபேறு வரும்வரை காத்திராமல் சத்தியக் கடதாசியை முடித்து வையுங்கள்.

ஆன்லைனில் அனுப்பியதோடு வேலை முடிந்ததென்று எண்ணுவதும் பொதுவான தவறு. அச்சுப் பிரதி, கையொப்பம், அதிபரின் சான்றுப்படுத்தல், இணைப்புகள், எந்த வழியில் அனுப்புவது என்று அந்தந்த ஆண்டின் அறிவுறுத்தல் கேட்பதை ஒன்றுவிடாமல் செய்யவேண்டும். தபாலில் அனுப்பக் கேட்டால் பதிவுத் தபால், பற்றுச்சீட்டு பத்திரம். கொழும்பில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி: ஆணைக்குழு வோட் பிளேஸ் 20ஆம் இலக்கத்தில், கொழும்பு 7இல்தான் இருக்கிறது. சந்தேகத்தை நேரிலேயே கேட்கலாம். கடைசி நாளுக்கு விடாதீர்கள்.

மீள்திருத்தத்துக்குப் போட்டவர்கள் அதன் முடிவுக்காக விண்ணப்பத்தைத் தள்ளிப்போடவே கூடாது. இருக்கும் பெறுபேற்றில் திகதிக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும்.

வழிகாட்டல் கருத்தரங்கும் தனி ஆலோசகரும்: ஆளைப் பொறுத்து சி முதல் எஃப் வரை

நல்ல ஆலோசகரைக் கண்டுபிடிக்க இரண்டு கேள்வி போதும். 'முதலாம் விருப்பமாக எழுதினால் வாய்ப்புக் கூடுமா?' ஆம் என்றால் எழுந்து வந்துவிடலாம். 'உளச்சார்புப் பரீட்சை உள்ளவை எவை?' அதற்குப் பதில் தெரியாவிட்டாலும் அப்படியே.

அந்த இரண்டாவது கேள்வி ஏன் என்றால், ஆண்டுதோறும் ஆகத் தேவையில்லாமல் இழக்கப்படும் வாய்ப்பு அதுதான். மொரட்டுவையில் கட்டடக்கலை, வடிவமைப்பு, ஆடை வடிவமைப்பு போன்றவற்றுக்கும், இசை, நடனம், சித்திரம் போன்ற அழகியற் பாடநெறிகளுக்கும், வேறு சிலவற்றுக்கும் இசட் புள்ளி மட்டும் போதாது. பல்கலைக்கழகம் தனியே நடத்தும் உளச்சார்புப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். அதற்குத் தனி விளம்பரம், தனி விண்ணப்பம், தனிக் கட்டணம், தனி முடிவுத் திகதி. ஆணைக்குழு விண்ணப்பத்தில் கட்டடக்கலையை முதலாவதாக எழுதிவிட்டு, பரீட்சைக்கு விண்ணப்பிக்காமல் விட்டால் அந்த வரி இருந்தும் இல்லாததுதான். மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம், யாழ்ப்பாணத்தில் இராமநாதன் நுண்கலை என்று பார்ப்பவர்களும் அந்தந்த நிறுவனத்தின் அறிவித்தலைத் தேட வேண்டும்.

கருத்தரங்குகளில் இன்னொரு பிழை ஓடுகிறது: விளையாட்டுச் சான்றிதழ், மாணவத் தலைவர் பதவி எல்லாம் சேர்த்து அனுப்பினால் புள்ளி கூடும் என்பது. சாதாரண தெரிவில் அவற்றுக்கு எந்த இடமும் இல்லை. தேசிய, சர்வதேச மட்டத்தில் சாதித்தவர்களுக்கு விசேட அனுமதி வழி ஒன்று தனியே உண்டு. அதற்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும். தமிழ்மொழித் தினப் போட்டியில் வலய மட்டத்தில் வென்ற சான்றிதழ் வீட்டுச் சுவருக்கு அழகு.

முகவர்கள்

அரச பல்கலைக்கழகம் கிடைக்காதவர்களும், கிடைக்குமுன்னே பயந்தவர்களும் போகிற இடம். 'ஆலோசனை இலவசம்' என்றால் காசு வேறு பக்கத்திலிருந்து வருகிறது: சேர்த்துவிடும் ஒவ்வொரு மாணவருக்கும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் தரகு கொடுக்கும். அதில் சட்டவிரோதம் ஒன்றும் இல்லை. ஆனால் அவர் காட்டும் பட்டியல், தரகு தரும் பல்கலைக்கழகங்களின் பட்டியல். அதற்கு வெளியே உள்ளதை நீங்களே தேட வேண்டும்.

முற்பணம் கட்டுமுன் அங்கீகாரம் பாருங்கள். உள்நாட்டுத் தனியார் நிறுவனம் என்றால், 1978ஆம் ஆண்டு 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் 25ஏ பிரிவின் கீழ் அந்த நிறுவனம் மட்டுமல்ல, நீங்கள் படிக்கப் போகும் அந்தப் பட்டமே அங்கீகரிக்கப்பட்டதா என்று கேளுங்கள். நிறுவனம் பட்டியலில் இருந்து, புதிதாகத் தொடங்கிய பட்டம் இல்லாமல் போகலாம். வெளிநாட்டுப் பட்டம் என்றால், பட்டம் தரும் பல்கலைக்கழகத்தை ஆணைக்குழு ஏற்கிறதா என்று எழுத்தில் பாருங்கள். மருத்துவம், பொறியியல், சட்டம் என்றால் அந்தத் தொழிலுக்குரிய சபையும் ஏற்க வேண்டும்; அது தனிக் கேள்வி.

முகவர் அறையில் யாரும் சொல்லாத வழிகளும் கொழும்பிலேயே இருக்கின்றன. நாவலையில் திறந்த பல்கலைக்கழகம், கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிப் பாடசாலையின் வெளிவாரித் தகவல் தொழில்நுட்பப் பட்டம், உயர் தேசிய டிப்ளோமாக்களுக்கு உயர் தொழில்நுட்பவியல் நிறுவனங்கள், இரசாயனம் பிடித்தவருக்கு இராஜகிரியவில் இரசாயன விஞ்ஞானக் கல்லூரி. ஒவ்வொன்றுக்கும் முடிவுத் திகதி வேறு. அங்கீகாரம் பெற்ற குறிப்பிட்ட தனியார் பட்டங்களுக்கு அரசின் வட்டியில்லா மாணவர் கடனும் உண்டு, அதற்கும் தனி விண்ணப்பம். ஆணைக்குழுத் தெரிவுப் பட்டியல் வரும்வரை மாதக்கணக்கில் சும்மா இருப்பதைவிட இவற்றின் திகதிகளை நாட்காட்டியில் குறித்து வைக்கலாம்.

தெரிவு வந்தபின் இறுதியாக ஒன்று. இணையத்தில் பெயர் வந்தால் இடம் உறுதி அல்ல. குறித்த நாட்களுக்குள் ஆன்லைனில் பதிவு செய்து கட்டணம் கட்டினால்தான் உறுதி. வங்கி அட்டையில் இணையக் கொடுப்பனவு செயற்படுகிறதா என்று முன்னமே பார்த்துவிடுங்கள். கடைசி இரவு பதினொரு மணிக்கு அட்டை வேலை செய்யாவிட்டால் எந்தக் கொமினிகேஷனும் திறந்திருக்காது. கட்டியதும் பற்றுச்சீட்டை ஸ்கிரீன்ஷொட் எடுத்து அதே மின்னஞ்சலுக்கு ஒன்று, தாய் தகப்பன் தொலைபேசிக்கு ஒன்று அனுப்பி, ஒரு பிரதி அச்சடித்துக் கைநூலுக்குள் வைத்துவிடுங்கள்.